அடைப்புக்குறி மாறினால் வேகம் மாறுமா?

நேயர்களுக்கு வணக்கம். பைத்தானில் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களிடம், "லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் வேண்டாம், ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன் போடு, வேகமாக ஓடும்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டுமே ஒரே வரியில் பல விடைகளை உண்டாக்கும் வழிகள்: லிஸ்ட் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தரும், ஜெனரேட்டர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும். அவர்கள் சொல்வதில் பாதிதான் சரி. ஜெனரேட்டரில் உறுதியாக மிச்சமாவது மெமரி. நேரம் மிச்சமாகுமா என்பது விடைகளை எந்த ஃபங்ஷன் வாங்கிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது.

எழுதும்போது சதுர அடைப்புக்குறி வட்டமாகிறது, அவ்வளவுதான். பத்து லட்சம் எண்களின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். சதுர அடைப்பு போட்டால் அத்தனை விடைகளும் முதலில் மெமரியில் வந்து உட்காரும். 64 பிட் கணினியில் பட்டியலுக்கே சுமார் 8 எம்பி, எண்களுக்குத் தனியாகச் சுமார் 30 எம்பி. வட்ட அடைப்பில் ஒரு விடை வரும், கூட்டலில் சேரும், அப்புறம்தான் அடுத்தது. ஜெனரேட்டர் சில நூறு பைட்டுகளில் அடங்கிவிடும்.

ஆனால் ஒவ்வொரு விடைக்கும் அது நின்று, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட வேண்டும். அதனால் சின்னப் பட்டியல்களில் பெரும்பாலும் லிஸ்ட்தான் முந்தும். 2023-ல் வந்த பைத்தான் 3.12, லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனைத் தனி ஃபங்ஷனாக அழைக்காமல் எழுதிய இடத்திலேயே ஓட்டுகிறது. ஜெனரேட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. பைத்தானோடு வரும், ஓடும் நேரத்தை அளக்கும் டைம்இட்டில் உங்கள் டேட்டாவையே கொடுத்து இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

சொற்களை ஒட்டும் ஜாயினைக் கவனியுங்கள். மொத்த நீளம் தெரிந்தால்தான் அது இடம் ஒதுக்க முடியும். அதனால் ஜெனரேட்டரைக் கொடுத்தாலும் முதலில் லிஸ்டாக மாற்றிக்கொள்கிறது. மெமரியும் மிச்சமில்லை, நேரமும் கூடுதல்.

ஒன்றாவது சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் எனி ஃபங்ஷனில் கதையே வேறு. பெரிய லாக் ஃபைலில் 'எரர்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுகிறோம். மூன்றாவது வரியில் கிடைத்தால் ஜெனரேட்டர் அங்கேயே நின்றுவிடும். லிஸ்டோ கடைசி வரி வரை படித்த பிறகுதான் எனியின் கைக்கே வரும். ஜிபி கணக்கில் ஃபைல் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஜெனரேட்டர் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதையே இரண்டாம் முறை கூட்டினால் எச்சரிக்கை எதுவும் வராது, பூஜ்யம் வரும். மறுபடி தேவைப்படும் விடைகள் என்றால் தயங்காமல் லிஸ்ட் போடுங்கள். நன்றி, வணக்கம்.