சபையில் பெண்கள் பேசக்கூடாதா? ஒரு சகோதரியின் கேள்வி

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “எங்கள் சபையில் பெண்கள் எழுந்து, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லக்கூட விடுவதில்லை. கேட்டால், ‘சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’ என்ற வசனத்தைக் காட்டுகிறார்கள். பவுல் அப்படித்தான் சொல்கிறாரா ஐயா?”

சரி, வேதாகமம் பக்கத்தில் இருந்தால், அந்த வசனம் இருக்கிற 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபம் அது. நேரே 34-ஆம் வசனத்துக்குப் போகவேண்டாம், 28-லிருந்து வாருங்கள். அந்நிய பாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் மற்றவர்களுக்குப் புரியாத பாஷையில் பேசுகிறவன், அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் ‘சபையிலே பேசாமல்’ இருக்கவேண்டும். 30-ல், இன்னொருவனுக்கு ஏதாவது வெளிப்படுத்தப்பட்டால், முந்திப் பேசினவன் ‘பேசாமலிருக்கக்கடவன்’. அதற்கு அப்புறம்தான் 34 வருகிறது. மூல மொழியான கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் ‘சிகாவோ’ என்ற ஒரே வினைச்சொல். முதல் இரண்டு பேரையும் ஆயுசுக்கும் வாய் திறக்காதே என்று எந்தச் சபையும் சொல்வதில்லை. அந்த நேரத்துக்கு அமைதியாயிரு என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். பெண்களிடம் வந்ததும் அதே சொல் நிரந்தரச் சட்டமாகிவிடுகிறது!

எதற்காக அமைதி என்பதை 35-ஆம் வசனம் காட்டுகிறது. ஏதாவது கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டிலே தங்கள் புருஷரிடத்தில் விசாரிக்கட்டும் என்கிறார். அப்படியானால் கூட்டத்தின் நடுவே கேள்வி கேட்டு இடைமறித்ததுதான் பிரச்சினை என்று நான் வாசிக்கிறேன். ஜெபமோ சாட்சியோ அங்கே பேச்சிலேயே இல்லை. இதே நிருபத்தில் மூன்று அதிகாரத்துக்கு முன்னால், 11:5-ல், ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண்கள் தலையை மூடிக்கொள்ளவேண்டும் என்று எழுதுகிறார். மூடச் சொன்னது தலையை, வாயை அல்ல. அப்புறம், அப்போஸ்தலர் 21:9-ல் பிலிப்புவின் குமாரத்திகள் நாலு பேர் வருகிறார்கள், கல்யாணம் ஆகாதவர்கள், தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்கள். அவர்கள் வீட்டில் எந்தப் புருஷனிடம் போய் விசாரிப்பார்கள்?

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 34-ல் ‘வேதமும் அப்படியே சொல்லுகிறது’ என்று இருக்கிறது. எந்த வசனம் என்று பவுல் குறிப்பிடவில்லை. பெண் சபையில் பேசக்கூடாது என்று பழைய ஏற்பாட்டில் ஒரு கட்டளையும் எனக்குத் தெரிந்து கிடையாது. அங்கே தெபொராள் என்ற பெண் தீர்க்கதரிசி பேரீச்சமரத்தின் கீழே உட்கார்ந்து இஸ்ரவேலை நியாயம் விசாரிக்கிறாள். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 34, 35 வசனங்கள் 40-ஆம் வசனத்துக்குப் பின்னால் வருகின்றன. அதனால் இவை பவுல் எழுதியவையே அல்ல, பிறகு சேர்ந்தவை என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. நான் அந்த வாதத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாசித்தாலும் உங்கள் சபையின் தடை அதிலிருந்து வரவில்லை.

உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் பெண்ணுக்கு உத்தரவு கொடுப்பதில்லை என்கிற 1 தீமோத்தேயு 2:12-ஐயும் காட்டுவார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ‘அதிகாரஞ்செலுத்தவும்’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘அவுதென்தேயின்’ என்று இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் அந்தச் சொல் வருகிறது. அதிகாரத்துக்குப் பவுல் வழக்கமாக எழுதுவது ‘எக்ஸூசியா’. அதை விட்டு இதை எடுத்தவர், சாதாரணத் தலைமையைவிட மோசமான எதையோ, அடக்கி ஆளுவதைத் தடுக்கிறார் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இன்னொரு விஷயம், இது நம் தமிழ் வேதாகமத்திலேயே இருக்கிறது. ரோமர் 16:1-ல் பெபேயாளைக் கெங்கிரேயா சபைக்கு ‘ஊழியக்காரி’ என்கிறது. மூலத்தில் ‘தியாகொனோஸ்’. ‘பவுல் யார்? அப்பொல்லோ யார்?’ என்று 1 கொரிந்தியர் 3:5-ல் கேட்டுவிட்டு ‘ஊழியக்காரர்தானே’ என்று பதில் சொல்கிறாரே, அங்கேயும் அதே தியாகொனோஸ்தான். இன்று நம் ஊரில் ஊழியக்காரர் என்றால் போதகரையும் பிரசங்கியாரையும்தான் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் போதகரிடம் சண்டைக்குப் போகவேண்டாம் சகோதரி. 14-ஆம் அதிகாரத்தை 26-லிருந்து 40 வரை சேர்ந்து வாசிக்கலாமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.