அழுத பிள்ளைக்குத்தான் பால்

அவைத் தலைவர் அவர்களே, தமிழ்ப் பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, பொன்னாடையைப் போர்த்தி உடனே மடித்தும் கொடுத்த செயலாளர் தம்பி அவர்களே, ஒரு வார்த்தை தமிழ் புரியாமலே இரண்டு மணி நேரமாகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் நகர மன்ற விருந்தினர் அவர்களே, வடை ஆறிவிடுமே என்று கவலைப்படும் பின்வரிசை நண்பர்களே, வணக்கம்.

பில்லி ஜீன் கிங். டென்னிஸ் வீராங்கனை, நம் கலிபோர்னியாக்காரர். மூன்று விஷயம் பேசுகிறேன்: ஆடியது, கேட்டது, ஓய்வுக்குப் பிறகு செய்தது. ஆடியது ஒரு வரி: கிராண்ட்ஸ்லாம் என்னும் பெரிய போட்டிகளில் பட்டம் 39, அதில் ஒற்றையர் 12, விம்பிள்டனில் மட்டும் எல்லாப் பிரிவும் சேர்த்து 20.

சம பரிசு கேட்டதுதான் பெரிய கதை. 1970-ல் ரோம் போட்டியில் ஜெயித்ததற்கு அவருக்கு 600 டாலர், ஆண்களில் ஜெயித்த நஸ்டாசேவுக்கு 3,500. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்களே, இந்தப் பிள்ளை அழவில்லை, கிளம்பிவிட்டது. அதே ஆண்டு ஹூஸ்டனில் அவரும் சேர்த்து ஒன்பது பெண்கள் ஆளுக்கு 1 டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பெண்களுக்கென்றே தனிப் போட்டி ஆடப் போனார்கள். 1973-ல் அமெரிக்க ஓபன் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசு கொடுத்தது. விம்பிள்டனுக்கு அந்த ஞானம் வர 2007 ஆனது.

அந்த 1973 செப்டம்பர் 20-ல் அவர் பாபி ரிக்ஸ் என்ற ஆணோடு மோதியதைச் சொல்லாமல் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள். ரிக்ஸுக்கு வயது 55, பழைய விம்பிள்டன் சாம்பியன், பெண்கள் ஆட்டமெல்லாம் ஒரு ஆட்டமா என்று வாய் ஓயாதவர். மே மாதம்தான் மார்கரெட் கோர்ட் என்ற முன்னணி வீராங்கனையை 6-2, 6-1 என்று ஊதித் தள்ளியிருந்தார். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 30,472 பேர். நம்ம பில்லி ஜீன் அம்மா எப்படி வந்தார் தெரியுமா? பல்லக்கில்! சட்டை போடாத வாட்டசாட்டமான ஆண்கள் தூக்கி வர, கிளியோபாட்ரா மாதிரி. ரிக்ஸ் ரிக்‌ஷாவில் வந்தார், இழுத்தது பெண்கள். அவர் கையில் ஆளுயரத்துக்கு ஒரு குச்சி மிட்டாய், அதை அம்மாவிடம் நீட்டினார். அம்மா பதிலுக்குக் கொடுத்தது என்ன? ஒரு பன்றிக்குட்டி, உயிரோடு! அப்புறம் ஆட்டம்: 6-4, 6-3, 6-3, ஜெயித்தது அம்மா. மிட்டாய்க் கம்பெனி விளம்பரத்துக்காகப் போட்ட ஜாக்கெட்டைக் கழற்றாமலே முதல் சில கேம் ஆடினார் ரிக்ஸ், வேர்த்துக் கொட்டியது.

சரி, இந்த அம்மா எங்கே கற்றுக்கொண்டார்? லாங் பீச்சில், அப்பா தீயணைப்பு வீரர், கிளப்பில் சேர்க்க வசதி இல்லை. அக்கம்பக்கத்தில் சின்னச் சின்ன வேலை செய்து 8 டாலர் சேர்த்து வாங்கிய ராக்கெட், நகரப் பூங்காவில் கிளைடு வாக்கர் நடத்திய இலவச வகுப்பு. இலவசம், ஐயா! நம் பக்கத்துப் பூங்காவில் சனிக்கிழமை இலவச வகுப்பு போன வருஷமே நின்றுவிட்டது. மிச்சமிருந்த இரண்டு டென்னிஸ் கோர்ட்டிலும் பிக்கிள்பால் என்ற வேறொரு மட்டைப் பந்தாட்டத்துக்குக் கோடு போட்டாயிற்று, என் பேத்தி எந்தக் கோடு எந்த ஆட்டத்துக்கு என்று தெரியாமல் முழித்தாள். அழுத பிள்ளைக்குத்தான் பால், நாமோ வாய் திறக்காமல் கார் நிறுத்த இடம் தேடுகிறோம். விருந்தினர் அவர்களே, இதை யாராவது அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது விஷயம்... செயலாளர் தம்பி துண்டுச்சீட்டு நீட்டிவிட்டார். நம் பூங்கா வகுப்புக்கான மனு வடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.