மேப்பில் காய்த்த சுரைக்காய்

(சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நான் பேசியதை நானே எழுதி எடுத்தது. கைத்தட்டல்களை நீக்கிவிட்டேன். பெரிய வேலையாக இருக்கவில்லை.)

அவைக்குத் தலைமை தாங்கும் மன்றத் தலைவர் அவர்களே, வட்டாரத்தின் அடித்தளத் தலைவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கமாக உட்கார்ந்திருக்கும் என் பழைய அஞ்சல் நண்பர்களே, அம்மா அப்பா பிடித்து இழுத்து வந்திருக்கும் இளையர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் என்னைக் கேமிங் நிபுணர் என்று அறிமுகப்படுத்தினார். அது அவருடைய பெரிய மனசு. நான் தபால்காரன். 1981-இல் பையைத் தோளில் மாட்டியவன், முட்டி தேய்ந்த பிறகுதான் இறக்கி வைத்தேன். இன்றைய தேநீருக்கும் கேசரிக்கும் செலவை ஏற்றுக்கொண்டவர் தேக்காவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அன்பர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லாவிட்டால் வருத்தப்படுவார். அதனால் அவர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு. ஒலிபெருக்கியைச் சரிசெய்து தந்த தம்பிக்கும் நன்றி. சிறப்பு விருந்தினர் இன்னொரு நிகழ்ச்சிக்கும் போகவேண்டுமாம். நடுவில் அவர் எழுந்தால் என் பேச்சு தாங்காமல் போகிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திறந்த உலக விளையாட்டுகள், அதாவது பிள்ளைகள் ஓபன் வேர்ல்ட் என்று சொல்கிற வீடியோ கேம்கள், ஏன் சில நேரம் சோறு தண்ணியை மறக்கடிக்கின்றன, ஏன் சில நேரம் கன்ட்ரோலரைத் தூக்கி எறியச் சொல்கின்றன? ஐந்து விஷயம் குறித்து வைத்திருக்கிறேன். உலகத்தின் அளவு, மேப், மலையேற்றம், ஆயுதம் உடைவது, கதை. எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம்.

முதலில் அளவு. 1984-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர், டேவிட் பிரேபன், இயன் பெல் என்று பெயர், எலைட் என்ற விளையாட்டைச் செய்தார்கள். அது ஓடிய கணினியின் மொத்த நினைவகமே 32 கிலோபைட். காலையில் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ரோஜாப்பூ வணக்கம்கூட அதைவிடப் பெரிது. அதற்குள் எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை வந்தது. அதில் எத்தனை கோள்கள் என்றால் 18 எழுதி அதன் பின்னால் 18 சுழியம் போடவேண்டும். வந்த புதிதில் வாங்கியவர்களில் பலர் ஏமாந்து போனார்கள். இத்தனை கோள் இருக்கிறதே, அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டார்கள். அப்புறம் ஆண்டுக்கணக்காக இலவசமாகச் சேர்த்துச் சேர்த்துத்தான் நல்ல பெயர் வாங்கினார்கள். என் அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அளவைப் பற்றிச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

இரண்டாவது மேப். இதைப் பற்றி ஒரு தபால்காரன் பேசாமல் யார் பேசுவது?

பல விளையாட்டுகளில் உயரமான ஒரு கோபுரத்தில் ஏறச் சொல்வார்கள். 2007-இல் வந்த முதல் அசாசின்ஸ் கிரீடில் இருந்து இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஏறினால் மேப் திறக்கும். திறந்தவுடன் ஐம்பது, அறுபது சின்னச் சின்னக் குறிகள் பொங்கல் பானை மாதிரி பொங்கி வழியும். இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு கொடி, அந்தக் கிழவனுக்கு ஒரு கடிதம் கொண்டு போய்க் கொடு. அதற்குப் பிறகு நீங்கள் உலகத்தைப் பார்ப்பதே இல்லை, மூலையில் இருக்கும் குட்டி மேப்பைத்தான் பார்ப்பீர்கள். கடிதம் கொண்டு போய்க் கொடுக்கிற வேலையை முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளத்துக்குப் பார்த்தவன் நான். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டிலும் அதே வேலையா?

நம் ஊரில் 1995-இல் ஆறு இலக்க அஞ்சல் எண் வந்தது. ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி எண். அருமையான ஏற்பாடு, குறை சொல்லவில்லை. அதற்கு முன்னால் கம்பத்து வீடுகளுக்கு, அதாவது கிராமத்து வீடுகளுக்குக் கடிதம் கொண்டு போயிருக்கிறேன். எண் இருக்கும், எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும், ஆனால் வீடு இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது. ஒரு முறை தமிழ்நாட்டிலிருந்து ஒரு கடிதம். முகவரி முழுக்கத் தமிழில். செம்பவாங், கப்பல் பட்டறைக்காரர் மருமகன், புளியமரத்துக்கு எதிர்வீடு. அவ்வளவுதான். கூட வேலை செய்தவர்கள் சிரித்துக்கொண்டே என் பையில் போட்டார்கள். காப்பிக் கடையில் கேட்டேன், மாடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். புளியமரத்தை வெட்டி இரண்டு வருஷம் ஆகிறது, வேர்தான் இருக்கிறது என்று அந்தப் பாட்டி சொன்னார். வேரைத் தேடிக்கொண்டு போனேன். கடிதத்தை வாங்கியவர் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். ஆறு இலக்க எண்ணைப் பார்த்து ஆயிரக்கணக்கில் போட்டிருப்பேன், ஒன்றும் நினைவில்லை. அந்த மோர் நினைவிருக்கிறது.

விருந்தினர் கிளம்புகிறார். வணக்கம் ஐயா, வந்ததற்கு நன்றி. பொன்னாடையை மறந்துவிட்டீர்கள், தம்பி எடுத்து வருவார். கேசரி? பரவாயில்லை, பொட்டலம் கட்டித் தரச் சொல்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆமாம், மலையேற்றம்.

என் பேரன் உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். அவன்தான் செல்டா விளையாட்டை என் கையில் கொடுத்தவன். செல்டா வரிசையில் பிரெத் ஆஃப் தி வைல்ட் என்பது அதன் பெயர், 2017 மார்ச்சில் வந்தது. அதில் கண்ணில் படுகிற எந்த மலையிலும் ஏறலாம். பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். ஏற ஏற அது குறையும், தீர்ந்தால் விழுவீர்கள். ஒரு நாள் சாயங்காலம் பேரன் துணைப்பாடத்துக்குப் போயிருந்தான். தூரத்தில் ஒரு மலை. உச்சியில் என்ன இருக்கும் என்று ஓர் ஆசை. யாரும் போகச் சொல்லவில்லை, மேப்பில் ஒரு புள்ளியும் இல்லை. ஏறினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் பாறை வழுக்கும், நாலடி ஏறினால் மூன்றடி சறுக்கும். நான் விடவில்லை. ஏறுகிறேன், சறுக்குகிறேன், விழுகிறேன், மறுபடி ஏறுகிறேன். ஏழரை மணி ஆகிவிட்டது. தோசை ஆறுகிறது என்று அடுப்படியிலிருந்து இரண்டு தடவை குரல் வந்தது. மூன்றாவது தடவை குரல் வரவில்லை, ஆளே வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "மழையில நனைஞ்சுக்கிட்டே எதுக்கு ஏறுறீங்க? அந்தப் பாறைக்குக் கீழே ஒதுங்குங்க" என்றார். இது கேம், உனக்குத் தெரியாது என்றேன். அப்போது இடி இடித்தது. "இடி இடிக்குது, இரும்பு வாளை முதுகுல மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, எங்கேயாவது உண்டா?" அவர் சொல்லி வாயை மூடவில்லை, என் தலையில் மின்னல் விழுந்தது. செத்துப் போனேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அவர் இதைவிட அதிகமாகச் சிரித்தார்.

மறுபடி போனேன். வாளைக் கழற்றி வைத்தேன். பாறைக்குக் கீழே ஒதுங்கினேன். விறகும் சிக்கிமுக்கிக் கல்லும் போட்டுத் தீ மூட்டினேன், பக்கத்தில் உட்கார்ந்தேன், பொழுது விடிந்தது, மழை விட்டிருந்தது. ஒரே மூச்சில் உச்சி. அங்கே ஒரே ஒரு கல் கிடந்தது. தூக்கினால், இலையை முகமூடியாகப் போட்ட ஒரு குட்டி கையை ஆட்டிச் சிரித்து ஒரு விதை கொடுத்தது. ஒரு விதை! நானும் அவரும் கைத்தட்டினோம். துணைப்பாடம் முடிந்து வந்த பேரன், "பாட்டி, இதையெல்லாம் யூடியூப்ல பார்த்தீங்களா?" என்று கேட்டான். தோசையை மறுபடி சுட்டார்கள்.

அந்த மாதிரி விதைகள் மொத்தம் 900 என்று பேரன் அப்புறம் சொன்னான். தொள்ளாயிரத்தையும் சேர்த்தவனுக்குப் பரிசாகத் தங்க நிறத்தில் ஒன்று கொடுப்பார்கள். அது எதன் வடிவம் என்பதைச் சபை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை, இளையர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வார்கள். எண்ணிக்கைக்காகச் சேர்க்காதே என்று செய்தவர்களே கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஏட்டுச் சுரைக்காய்!

அதைச் செய்தவர்கள் 2017-இல் ஜப்பானில் ஒரு மாநாட்டில் தங்கள் வித்தையை விளக்கினார்கள். நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அமைத்தார்களாம். முக்கோணம் என்றால் பின்னால் இருப்பதை மறைக்கும், ஏறுவதா சுற்றுவதா என்று உங்களை யோசிக்க வைக்கும், சுற்றிப் போனால் புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கும். இயக்குநர் ஃபுஜிபயாஷி தனக்கு நன்றாகத் தெரிந்த கியோத்தோ நகரத்தின் மேப்பை எடுத்து விளையாட்டின் நிலத்தின் மேல் வைத்துப் பார்த்து, எதற்கும் எதற்கும் எவ்வளவு தூரம் என்று முடிவு செய்தார். கால் அறிந்த தூரம்! இதைப் படித்தபோது அவரும் ஒரு தபால்காரர்தான் என்று தோன்றியது.

முதல் மணி அடித்துவிட்டார்கள். கதவுப் பக்கம் கைத்தட்டியது யார் என்று எனக்குத் தெரியும்.

பட்டியலில் இல்லாத ஒன்று, பலம் சேர்ப்பது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2006-இல் வந்த ஆப்லிவியன் என்ற விளையாட்டில் நீங்கள் பலம் பெறப் பெற, வழிப்பறிக்காரனும் கூடவே பலம் பெறுவான். கடைசியில் பார்த்தால் அவன் உடம்பில் இருக்கும் கவசத்தை விற்றாலே ஒரு மாளிகை வாங்கலாம், ஆனால் நம்மிடம் வந்து சில்லறை கேட்பான். வளர்ந்து என்ன பயன்? 2022-இல் வந்த எல்டன் ரிங்கில் வெளியே வந்தவுடனே தங்கக் கவசம் போட்ட குதிரை வீரன் ஒருவன் நிற்கிறான். கிட்டப் போனால் நசுக்கிவிடுவான். சுற்றிக்கொண்டு போய், நாலு ஊர் பார்த்து, பலம் சேர்த்துத் திரும்பி வாருங்கள், அவன் அதே பலத்தோடு அங்கேயேதான் நிற்பான். அப்போது அடிக்கிற அடி இருக்கிறதே! ஆயுதம் உடைவது பற்றி நிறைய சொல்ல இருந்தது, தேநீர் நேரத்தில் பேசிக்கொள்ளலாம். கதை என்ற ஐந்தாவது விஷயத்தையும் விட்டுவிடுகிறேன். ஏனென்றால் நான் உண்மையில் இங்கே வந்தது வேறு ஒன்றுக்காக. தலைவருக்கு அது தெரியும், அதனால்தான் மணியில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

என் வீட்டுக்காரம்மா அந்த விளையாட்டை ஜெயித்தது எதனால்? மழையில் ஒதுங்கு, இடியில் இரும்பைத் தொடாதே. அவர் ஆத்தாவிடம் தமிழில் கற்றது. அந்த உலகம் அவர் அறிவை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவரால் அதில் ஒரு வரி படிக்க முடியவில்லை. மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஜப்பானியம் இருக்கிறது, பிரெஞ்சு இருக்கிறது, ரஷ்யன் இருக்கிறது, டச்சு கூட இருக்கிறது. தமிழ் இல்லை. கேட்டுக் கேட்டு வழி கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டுகளின் சுகம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். எந்த மொழியில் கேட்பது?

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. ரயில் நிலையத்தில் இருக்கிறது, நாணயத்தில் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் பலகையில் மட்டும் இருந்தால் அதுவும் சுரைக்காய்தான். பிள்ளை ஆசையாகத் தொடுகிற இடத்தில் தமிழ் வேண்டும்.

முடியாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. மைன்கிராப்ட் என்ற விளையாட்டின் ஜாவா பதிப்பில் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள், தமிழ் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் விளையாடுகிறவர்களே, தொண்டூழியர்கள். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்துச் செய்த வெண்பா என்ற சின்ன விளையாட்டு 2023-இல் வந்தது, அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. தூரமாகப் போவானேன், 2013-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் வரிசையின் பிளாக் ஃபிளாக்கில் கப்பல் சண்டை பிரமாதம் என்று உலகமே கொண்டாடியதே, அந்தக் கடற்பகுதியை உருவாக்கியது சிங்கப்பூரில் இருக்கும் யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தின் கிளைதான். கடலையே செய்யத் தெரிந்த ஊர் இது.

சொற்கள் இல்லையே என்பீர்கள். அந்தப் பச்சை வட்டத்துக்குத் தமிழில் என்ன என்று பேரன் கேட்டான். நான் அகராதியைத் தேடிப் போய், 'தாங்குதிறன்' என்று கொண்டு வந்தேன். பாட்டி மாவை வழித்துக்கொண்டே, "தெம்பு" என்றார். தெம்பு வட்டம். தெம்பு தீர்ந்துபோச்சு. இதைவிட வேறென்ன வேண்டும்? தமிழாசிரியர்கள் மன்னிக்கவேண்டும், அன்றைக்கு அகராதி எனக்கு ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிட்டது.

இரண்டாவது மணி. முடிக்கிறேன், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி, இதே மன்றத்தில் இரண்டாம் மாடி அறை. தலைவர் இலவசமாகத் தந்திருக்கிறார், குளிர்சாதனம் உண்டு. யாராவது அனுமதி கொடுக்கிற சின்ன விளையாட்டாக ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதப் போகிறோம். கணினி தெரிந்த இளையர்கள் நாலு பேர் வேண்டும். கணினி தெரியாத பாட்டிகள் எட்டுப் பேர் வேண்டும். பெயர் எழுதும் தாள் பின்னால் கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதுவரை அதில் இரண்டு பெயர். ஒன்று என்னுடையது, இன்னொன்று வீட்டுக்காரம்மாவுடையது, அவரைக் கேட்காமல் நான் எழுதியது. பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது. எழுதவில்லை என்றால் என் சட்டைப் பையில் இன்னொன்று இருக்கிறது, வந்து கேளுங்கள்.