பெயர் மாறவில்லை, துப்பாக்கி மாறியது

நடுவர் அவர்களே, வணக்கம். ரைஃபிளுக்கு மதிப்பு தருவது அதில் பொறித்த பெயரா, உள்ளே இருக்கும் வேலைப்பாடா என்பது தலைப்பு. வேலைப்பாடுதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

நல்ல கம்பெனிப் பெயர் இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார் எதிரணி நண்பர். சரி, அமெரிக்க வேட்டைக்காரர்கள் கொண்டாடும் வின்செஸ்டர் மாடல் 70-ஐயே எடுத்துக்கொள்வோம். 1936இல் சந்தைக்கு வந்த ரைஃபிள் அது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் எஃகுத் தண்டுக்கு போல்ட் என்று பெயர், அதன் பக்கவாட்டில் நீளமாக ஒரு எஃகுப் பட்டை ஓடும், அதன் முனையில் கொக்கி. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மெகசினிலிருந்து தோட்டா மேலே ஏறும்போதே அந்தக் கொக்கி அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும், சுட்டு முடித்து வெற்று உறை வெளியே போய் விழும்வரை விடாது. 1964இல் செலவைக் குறைக்க அந்தப் பட்டையை எடுத்துவிட்டார்கள். தோளில் வைக்கும் மரக்கட்டையில் பிடிமானத்துக்காகச் செதுக்கி வந்த கட்டக்கோடுகளையும் அச்சில் அழுத்திப் பதித்தார்கள். குழலில் வின்செஸ்டர் என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

வாங்குகிறவர்கள் பெயரைப் பார்த்து ஏமாந்தார்களா? இல்லையே! இன்றைக்கும் பழைய மாடல் 70 கைக்கு வந்தால் முதலில் வரிசை எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 7,00,000இலிருந்து தொடங்கும் எண்கள் 1964இல் மாற்றப்பட்ட புதியவை, 64க்கு முந்தையதற்குத் தனி விலை. ஒரே பெயர், ஒரே மாடல், ஆனால் இரண்டு விலை என்றால் அந்த வித்தியாசத்தைப் பெயரா உண்டாக்கியது?

அமெரிக்காவில் பல கம்பெனிகள் செய்யும் ஏஆர்-15 ரைஃபிளின் கதை இன்னும் தெளிவு. ரிசீவரில், அதாவது உள்பாகங்களைத் தாங்கும் அலுமினிய உடற்பகுதியில், பெரிதாகப் பொறித்திருக்கும் பெயருக்காகக் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள். ஆனால் அந்த அலுமினியத்தை அடித்து உருவாக்கும் பட்டறைகள் சிலவே, வேறு வேறு பெயர் போட்ட ரைஃபிள்களுக்கும் அடித்தெடுத்த மூலத் துண்டு ஒரே பட்டறையிலிருந்து போகிறது. உற்று நோக்கினால் அந்தப் பட்டறையின் சின்னஞ்சிறு குறி உலோகத்திலேயே தெரியும். அதன் பிறகு யார் எவ்வளவு துல்லியமாகக் கடைகிறார்கள், எந்தக் குழலைப் பூட்டுகிறார்கள் என்பதில்தான் தரம் பிரிகிறது. தயாரிப்பாளர் பெயரையும் வரிசை எண்ணையும் பொறிக்கச் சொல்வது அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், அதைப் பதக்கமாக நினைத்துக்கொள்வது நாம்.

பெயர் இருந்தால் விற்கும்போது நல்ல விலை வரும் என்றார்கள், வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரே எங்கே போயிருக்கிறது பாருங்கள். 2006இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வின்செஸ்டர் செய்துவந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், பெயரின் உரிமையாளர் ஓலின் நிறுவனம், உரிமம் வாங்கித் துப்பாக்கி செய்வது பெல்ஜியத்தின் எஃப்.என். குழுமம்.

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. 1990களில் அந்தக் கொக்கிப் பட்டையை வின்செஸ்டர் மாடல் 70-இலேயே ‘கிளாசிக்’ என்று பெயர் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெயரே போதும் என்றால் விட்ட கொக்கியை எதற்காக மறுபடி தேடிப் போனார்கள் என்று எதிரணி சொல்லட்டும்.