வெள்ளவத்தைக் கடலைச் சிந்தசைசரில் எழுப்புவோமா?

வணக்கம் உறவுகளே. பின்னால் இரைவது கொழும்பின் வெள்ளவத்தைக் கடல். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலம் என்பதால் ரயில் பாதையோரக் கற்களில் அலை பலமாக அடிக்கிறது.

இயற்கையைப் பாடும் மின்னணு இசை என்று தேடிப் பாருங்கள். நீளமாக இழுக்கும் ஒரு சுரம், அதன்மேல் ஒட்டிவைத்த குருவிச் சத்தம், பெரும்பாலும் இவ்வளவுதான் கிடைக்கும். எனக்கு அது போதவில்லை. கடலைப் பற்றிய இசை என்றால், கடல் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படி நடந்துகொள்ள வேண்டும்.

செய்தே காட்டுகிறேன். இது என் சிறிய சிந்தசைசர், மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் வாத்தியம். இதில் வெறும் இரைச்சலை மட்டும் எழுப்புகிறேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்கிறதல்லவா? இதற்கு வெள்ளை இரைச்சல் என்று பெயர். எல்லா அதிர்வெண்களும் இதில் சம வலுவோடு கலந்திருக்கின்றன. இப்போது உயர்ந்த அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டர் குமிழை இடப்பக்கம் திருப்புகிறேன். சீறல் அடங்கிவிட்டது, தொலைவில் ஓர் உறுமல் மட்டும் மிஞ்சுகிறது. மெல்ல வலப்பக்கம் திருப்புகிறேன். அலை கிட்ட வருகிறது, உடைகிறது, நுரை சீறுகிறது. மறுபடி மூடுகிறேன், நீர் பின்வாங்குகிறது. கடலிலிருந்து ஒரு துளிச் சத்தம்கூடப் பதிவு செய்யாமல் இது கிடைத்தது!

ஆனால் 7 வினாடிக்கு ஒருமுறை திறந்து மூடும்படி இயந்திரத்திடம் விட்டால், நாலாவது அலையிலேயே காது சலித்துவிடும். அதனால் மூன்று அலைகளை ஓடவிடுகிறேன்: ஒன்று 7 வினாடி, ஒன்று 11, ஒன்று 13. மூன்றும் சேர்ந்து புறப்பட்டால் மறுபடி ஒன்றாகச் சேர 1001 வினாடிகள் ஆகும், அதாவது 16 நிமிடங்களுக்கும் மேல். அதுவரை ஒவ்வொரு அலையும் புதிதாகவே விழும். பிரித்தானிய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1970களின் இறுதியில் விமான நிலையங்களுக்காக வெளியிட்ட இசையிலும் இதே வழிதான்: வெவ்வேறு நீளமுள்ள, முனைகள் ஒட்டிய ஒலிநாடா வளையங்கள், தத்தம் போக்கில் சுற்றுகின்றன. 1982இல் வந்த அவருடைய ‘ஆன் லாண்ட்’ தொகுப்பில் தவளையும் பூச்சியும் வருகின்றன. அங்கே எது வாத்தியம், எது தவளை என்று பிரிக்க முடியாதபடி கரைந்திருப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அதற்கும் பத்து ஆண்டுகள் முன்பே, 1972இல், அமெரிக்க இசையமைப்பாளர் வெண்டி கார்லோஸ், மோக் என்ற வகைச் சிந்தசைசரையும் இயற்கை ஒலிப்பதிவுகளையும் சேர்த்து இரட்டை இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். பக்கத்துக்கு ஒரு பருவம்: வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம். அருமையான படைப்பு. ஆனால் இலையுதிர் காலமும் பனியும் கொழும்பில் ஏது? நமக்கு இருப்பவை இரண்டு பருவப்பெயர்ச்சிகளும், அவற்றுக்கு இடையில் பிற்பகல் இடியோடு கொட்டும் மழையும். ஒக்டோபரில் நண்பகல் வெயில் கொளுத்தி, நாலு மணிக்கு வானம் இருண்டு, தகரக் கூரையில் முதல் துளிகள் தனித்தனியாக விழுந்து, பிறகு எல்லாம் ஒரே இரைச்சலாவதை நினைத்துப் பாருங்கள். அதில் தாளம் இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, உச்சமும் இருக்கிறது. இதை விட்டுவிட்டு நம் பிள்ளைகள் வேறொரு நாட்டுப் பனிக்கு இசை அமைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நம்மவர்களுக்கு இது புதிய எண்ணமும் அல்ல. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை, அதாவது அந்த நிலத்துக்கே உரியவற்றை, சொல்லும்போது மரம், புள், பறை, யாழ் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பறவை எந்த நிலத்துக்கு உரியதோ, யாழும் அந்த நிலத்துக்கே உரியது. அந்த யாழின் இடத்தில் இன்று ஒரு சிந்தசைசர் இருந்தால் என்ன குறை?

ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அடுத்த காணொளிக்காக பெத்தகான ஈரநிலப் பூங்காவில் ஒலிப்பதிவு செய்யப்போகிறேன். மட்டக்களப்பில் இருப்பவர்கள் யாராவது வாவியின் மீன்பாட்டை, அதாவது மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படும் நீரடி ஒலியை, வைத்து மின்னணு இசை அமைத்திருந்தால், தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். வெட்டாமல், குறுக்கே பேசாமல், முழுவதையும் இங்கே ஒலிக்கவிடுகிறேன்.