ஹெர்குலிஸின் முதுகுப்பக்கம்

நண்பர்களே, வணக்கம். திரையில் இருப்பவர் கிரேக்கப் புராண வீரர் ஹெர்குலிஸ், ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் செதுக்கிய படம். முகத்தைத் தேடாதீர்கள், முதுகு மட்டும்தான் இருக்கிறது.

1546இல் ரோமில், காரகல்லா குளியல் மண்டபங்களின் இடிபாடுகளில் பத்தடிக்கும் உயரமான ஒரு பளிங்குச் சிலை கிடைத்தது. அதை ஃபர்னேசே குடும்பம் தங்கள் மாளிகையில் நிறுத்திக்கொண்டது. 1591இல் அதைப் போய்ப் பார்த்தவர்களில் ஒருவர்தான் கோல்ட்சியஸ். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்துக்காரர், செப்புத் தகட்டில் படம் செதுக்கி, மை பூசித் தாளில் அச்சிடுவது தொழில்.

அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அவர் வேறொரு ஹெர்குலிஸைச் செதுக்கியிருந்தார். உடம்பு முழுக்கப் புடைப்பு. டச்சுக்காரர்கள் அந்தப் படத்துக்குக் ‘கிழங்கு மனிதன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தப்பில்லை, எனக்கும் சேனைக்கிழங்கு மூட்டைதான் ஞாபகம் வருகிறது.

ரோமில் பார்த்த ஹெர்குலிஸ் வேறு ஆள். தனக்கு இடப்பட்ட கடினமான வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தடியில் சாய்ந்து நிற்கிறார். முன்னால் நின்று பார்த்தால் ‘இவ்வளவு பெரிய வீரன் ஏன் இப்படிச் சோர்ந்திருக்கிறான்’ என்று தோன்றும். பின்னால் போனால்தான் விஷயம் புரியும்: முதுகுக்குப் பின்னே வைத்திருக்கும் வலது கையில், ஹெஸ்பெரிடீஸ் என்ற தேவதைகளின் தோட்டத்து ஆப்பிள்கள்! அவற்றைக் கொண்டுவருவதும் அந்த வேலைகளில் ஒன்று. கோல்ட்சியஸ் நம்மை அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறார். கீழே ஓரமாக இரண்டு பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள், கவனியுங்கள். அவர்களுக்கு முகம் தெரியும், ஆப்பிள் தெரியாது.

சரி, இந்த முதுகின் திரட்சி எங்கிருந்து வந்தது? சாயம் கிடையாது, தூரிகை கிடையாது, வெறும் கோடுகள். கோல்ட்சியஸ் உளியை மெல்லத் தொடங்கி, போகப்போக அழுத்தி, திரும்பவும் தளர்த்துவார். அழுத்திய இடத்தில் பள்ளம் ஆழம், மை அதிகம் நிற்கும், நிழல் விழும். தளர்த்திய இடத்தில் கோடு மயிரிழையாகிக் காணாமல் போகும். வளைவான கோட்டுக்குக் கையோடு தகட்டையும் திருப்ப வேண்டும். அழித்து எழுதுவதெல்லாம் செம்பில் லேசான காரியம் இல்லை.

அப்புறம், கோல்ட்சியஸின் கை. குழந்தையாக இருந்தபோது தீயில் விழுந்து அவர் கைகள் வெந்துபோயின. வலது கையின் நரம்புகள் ஒட்டிக்கொண்டு, ஆயுசு முழுக்க அதை அவரால் முழுதாக விரிக்க முடியவில்லை. உளியின் பிடி உள்ளங்கையில்தான் உட்காரும், தள்ளுகிற வலு தோளிலிருந்து வரும். அந்த மடங்கிய கை இதற்கு வாகாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1588இல் அவர் அந்தக் கையையே பேனாவால் வரைந்தார். ஹார்லெமில், டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோணிய விரல்களும் புடைத்த நரம்புகளுமாக, எதையும் மறைக்காமல் வரைந்திருக்கிறார்.