மதகில் இருக்கும் பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியுமா?

(திருகோணமலையில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைகளே,

சென்ற கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "ஆறு மணிக்குப் பிறகு மகளை வகுப்புக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது" என்றார். மதகில் குந்தியிருப்பவர்கள் ஏதோ சொல்கிறார்களாம். இரவு பதினொரு மணி வரை மோட்டார் சைக்கிள் உறுமுகிறதாம். காலையில் ஒழுங்கையெங்கும் உடைந்த போத்தல். "பொலிசுக்குச் சொல்லுங்கள்" என்று பலரும் குரல் கொடுத்தீர்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: அந்தப் பிள்ளைகள் யார்? ஐந்து பேரில் இருவரின் பெயர்தான் சபைக்குத் தெரிந்திருந்தது. மதகோ நம் படலைகளுக்கு எதிரிலேயே இருக்கிறது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மதகில் குந்தியிருப்பது குற்றமில்லை. பெண் பிள்ளையைச் சீண்டுவது குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதைப் பேசித் தீர்க்க வா என்று அந்தப் பிள்ளையின் பெற்றோரை யாரும் அழைக்க வேண்டாம். 119க்கு அழையுங்கள், நானும் கூட வந்து வாக்குமூலம் கொடுக்கிறேன்.

ஆனால் இரைச்சல், குப்பை, வேலிச் சண்டை வேறு வகை. இவற்றுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. இரு தரப்பும் தங்கள் மத்தியஸ்தர்களைத் தெரிவு செய்து, முகம் பார்த்துப் பேசித் தீர்க்கலாம். வழக்கு முடிந்த பிறகும் அதே கிணற்றடியில், அதே கோயில் வாசலில் சந்திக்க வேண்டியவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்பைவிட இது பெரிய உதவி.

இன்னொன்று சொன்னால் பெரியவர்கள் கோபிப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டது. நம் கல்யாண வீடுகளில் அந்த நேரத்தில் பாட்டு நிற்கிறதா? இருட்டியதும் பொலித்தீன் பையைக் கட்டிச் சந்தியில் வீசிவிட்டு வருவது பதினேழு வயதுப் பையனா? நம் நகரத் தெருக்களில் திரியும் புள்ளி மான்கள் அந்தப் பையைத் தின்று செத்துப் போகின்றன. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குச் சிகரெட்டோ மதுவோ விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பையன் கையில் இருக்கும் சிகரெட்டை யாரோ ஒரு பெரியவர்தான் விற்றிருக்கிறார். அவரும் நம் அயலவர்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது இந்த வாசிகசாலை இரவு எட்டரை வரை திறந்திருக்கும். பத்திரிகைக்கு முந்துவோம், கரம் ஆடுவோம், ஒரு பெரியவர் மூலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எங்களைக் கவனிப்பார். அவர் அதட்டியதே இல்லை, "எங்கே, நேற்று உன்னைக் காணவில்லையே?" என்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்காகவே நாங்கள் ஒழுங்காக இருந்தோம். இன்று பிற்பகல் நான்கு மணிக்கே பூட்டு விழுகிறது. உள்ளே கரம் பலகை தூசியில் கிடக்க, வெளியே பிள்ளைகள் மதகில் இருக்கிறார்கள். மதகடித் தெருவிளக்கும் எரிவதில்லை; அதற்கு இன்று கடிதம் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன், கையொப்பமிட்டுப் போங்கள்.

நேற்று மாலை நான் அந்த மதகுக்குப் போய் அவர்களோடு இருந்தேன். முதலில் எழுந்து போகப் பார்த்தார்கள். பிறகு பேசினார்கள். ஒருவன் மீன்பிடிக்குப் போகிறான், ஒருவன் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கிறான். அந்த அம்மா சொன்னதை மறைக்காமல் சொன்னேன்; தலை குனிந்தார்கள். நிலையத்தைத் திறந்தால் வருவீர்களா என்று கேட்டேன். "திறப்பு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டான் ஒருவன்.

செவ்வாயும் வியாழனும் எட்டரை வரை நான் இருப்பேன். மற்ற ஐந்து நாட்களுக்கும் ஆள் வேண்டும். பெயர் எழுதும் கொப்பி வாசலில் இருக்கிறது.